நாற்பத்து மூன்றுக்கு எட்டு

அரசரடியில் சிக்கந்தர் பட்டறை.
ஜீப் நிற்கவில்லை,
நாலு மரக்கட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது.
பதினோராவது நாள்.
கழற்றிப் போட்ட டயருக்குள்
வெயில் வட்டமாக விழுந்து கிடக்கிறது.

முப்பத்தொன்று போடுங்க அத்தை என்கிறான்
வீரணன், நாத்தனார் மகன்.
போனில் படம் காட்டுகிறான்:
யாரோ ஒருவருடைய ஜீப்
யாரோ ஒருவருடைய சேற்றில்
யானைக்கால் சக்கரத்தோடு.
பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.
பார்ப்பதற்கு யாரும் வாடகை தருவதில்லை.

என் வழி வாடிப்பட்டிக்கு மேலே
தார் முடிகிற இடத்தில் தொடங்குகிறது.
ஏறும்போது உரமும் ரேஷன் அரிசியும்.
இறங்கும்போது பதினாலு சிப்பம் எலுமிச்சை,
ஏழெட்டுத் தார் மலைவாழை,
சில ராத்திரி ஒரு பிரசவ வலி.
ஏணிப்பாறைத் திருப்பத்தில்
முதல் கியரிலும் இன்ஜின் மூச்சு வாங்கும்.
கிளட்ச் கருகிய நாற்றம் மறுநாள்வரை
என் சேலையில் இருக்கும்.

கிரீஸ் படாத ஒரு முழம் தரை தேடி
சிக்கந்தர் சாக்பீஸால் எழுதினார்.
இருபத்தொன்பது. முப்பத்தொன்று.
இரண்டங்குலம் கூட்டினால்
அச்சுக்குக் கீழே கூடுவது ஒன்றுதான்.
மிச்சம் ஒன்று?
அது மேலே போகிறது.
ஒன்று பாறைக்கு, ஒன்று வானத்துக்கு.
ஆனால் இன்ஜின்
இரண்டுக்கும் சேர்த்து உழைக்கணும்.

பிறகு நாற்பத்து மூன்று என்று எழுதி
அடியில் கோடு கிழித்து எட்டு என்றார்.
கிரவுனில் நாற்பத்து மூன்று பல், பினியனில் எட்டு.
இப்போது உள்ளே இருப்பது
முப்பத்தொன்பதுக்கு எட்டு.
வித்தியாசம் நாலே நாலு பல்.
விலையைச் சொன்னார்.
நான் என் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பின்னாலுக்கு மட்டும் இப்போது மாற்றட்டுமா,
முன்னாலுக்குத் தையில்?
அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார்.
முன் அச்சு ஒரு கணக்கு, பின் அச்சு ஒரு கணக்கு என்றால்
சும்மா போகையில் ஒன்றும் தெரியாது.
நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கவேண்டிய நேரம் பார்த்து
நடுவில் இருக்கிற பெட்டி உடையும்.

எங்கள் வீட்டில் அப்படித்தான் உடைந்தது.
அதை அவரிடம் சொல்லவில்லை.

மாட்டுத்தாவணிக் கமிஷன் கடையில் கேட்டேன்.
முன்பணம் உண்டு,
சித்திரை முடிய
சிப்பத்துக்கு மூன்று ரூபாய் குறைத்து எடுப்பார்கள்.
வேகம் போகும், இழுவை வரும்.
சரி என்றேன்.

டயர் பழைய அளவே,
ஆறுக்குப் பதினாறு.
ஒல்லி, ஆழமான மிலிட்டரி பட்டன்.
வீரணன் முகம் காற்றிறங்கிய டியூப்.
எனக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தவன்
திண்டுக்கல் சாலை முழுக்கப் பேசவில்லை.

நாலுவழிச் சாலையில் எல்லோரும் எங்களைத் தாண்டினார்கள்,
கோழி வண்டி உட்பட.
மீட்டருக்கு மட்டும் புதுப் பெருமை:
நாற்பது ஓடினால்
நாற்பத்து நாலு என்கிறது.
திருத்தலாம் என்றார் சிக்கந்தர்.
இருக்கட்டும், யாராவது ஒருவர்
என்னைக் கூட்டிச் சொல்லட்டும்.

மலையில்,
சிப்பங்களோடு திரும்புகையில்,
லோவில் இரண்டாவது கியர்.
பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.
ஜீப் ஓடவில்லை.
சாமானோடு படியிறங்குகிற ஆள் மாதிரி
பார்த்துப் பார்த்து நடந்தது.
வீரணன் கம்பியை விட்டுவிட்டு
போனை எடுத்து,
எடுத்த கையை மடியில் வைத்துக்கொண்டான்.

ஏணிப்பாறையில் அடிவயிறு ஒருமுறை உரசியது.
வேண்டாமென்று விட்ட அந்த ஓர் அங்குலம்.
இறங்கிக் குனிந்து பார்த்தேன்.
கீறல்தான், எண்ணெய் கசியவில்லை.
நிமிர்ந்தபோது
வாய் பிரிந்த சிப்பத்திலிருந்து எலுமிச்சை ஒன்று
எங்களுக்கு முன்னால் உருண்டு போய்க்கொண்டிருந்தது,
எந்தக் கியரிலும் இல்லாமல்.